பாற்கிண்ணத்துக்கு இட்ட ஆணை

ஏழு துறையிலும் ஓடம் நேர் நிற்க. ஏறியவர் யாவரும் கரை காண்க.

ஏழ்துறை நாடு உடையவரும், கடம்பங்கோட்டைத் தலைவரும், பெருவெள்ளத்தில் மும்முறை கரை காத்தவருமாகிய பொறைவேள் ஆதவராயர் விடுக்கும் திருமுகம். வாகைமலை நாட்டுப் பட்டத்தரசியும் ஆதவராயர்க்கு உடன்பிறந்த தங்கையுமாகிய வெண்காடி தேவியார் கண்டருள்க. தங்கள் மலையில் தினை முற்றுக. தங்கள் சுனைகளில் நீர் ஊறுக. கொழுநரோடும் மக்களோடும் தாங்கள் நோயற்று வாழ்க. அரசர் படுக்கையில் இருந்தபடி சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவன் ஓலைநாயகம் கூற்றன் பூதன். நாற்பத்தோராண்டு இதே அரண்மனையில் எழுத்தாணி பிடித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் அது அவன் பிழை. எழுத்துக்கு வெளியேயும் அவன் பிழை ஒன்று உண்டு. அதை உரிய இடத்தில் அவனே சொல்வான்.

தேவியார் விடுத்த ஓலை வளர்பிறை ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தது. தங்கள் மூத்த மகன் சேந்தனார் சோற்றை வாயில் வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அரை நாழிகை விழுங்காமல் உட்கார்ந்திருக்கிறாரென்றும், தங்கை பிறந்தது முதல் தொட்டிலைக் காலால் உதைக்கிறாரென்றும், கேட்டால் கூசாமல் பொய் சொல்கிறாரென்றும், தூது வந்தோர் நடுவே தரையில் விழுந்து புரண்டு அழுது தங்கள் மானத்தை வாங்கிவிட்டாரென்றும் தாங்கள் அழாத குறையாக எழுதியிருந்ததை ஓலைநாயகம் வாசிக்க, அரசர் கேட்டுச் சிரித்தார். இரண்டு மாதமாக இந்த அறையில் கேட்காத சிரிப்பு அது. ஓலையின் கடைப்பகுதி வந்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. மருதியைப் போல அடங்கிய பிள்ளையை எந்த நாட்டிலும் கண்டதில்லை, அது ஏழ்துறை வழக்கத்தின் பெருமையே என்று தங்கள் கொழுநர் வியக்கிறாரென்றும், வருகிற தைத் திங்களில் சேந்தனார்க்கு ஐந்து நிறையும் நாளில் அதே வழக்கத்தை வாகைமலையிலும் தொடங்கக் கருதுகிறாரென்றும், அதற்கு மாதிரியாக, அரசர் தம் மகள் மருதிக்கு விடுத்த ஓலைகளில் சிலவற்றைப் படியெடுத்து அனுப்ப வேண்டுமென்றும் கேட்டிருந்தீர்கள். மாதிரி அனுப்புவதற்கில்லை. ஏனென்று சொல்லவே இந்த ஓலை எழுதப்படுகிறது.

தேவியார் அறிந்ததே ஆயினும், வாகைமலை அவையோர் அறியும்பொருட்டு வழக்கத்தை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழ்துறையில் அரசர் வாயிலிருந்து வந்த சொல் திரும்பாது. முற்காலத்தில் ஓர் அரசர் தம் பிள்ளை செய்த குறும்பு பொறுக்காமல் "என் கண்முன் நில்லாதே" என்று சொல்லிவிட, சொன்ன சொல் சட்டமாகி, அந்தப் பிள்ளை நாட்டை விட்டே போக நேர்ந்தது. அன்று முதல், பட்டத்துக்குரிய பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்ததும் அரசர் அப்பிள்ளையோடு வாயால் பேசலாகாது என்று வைத்தார்கள். பத்தடி தள்ளி நின்று பார்க்கலாம். சொல்ல வேண்டியதை எழுதச் செய்து, முத்திரையிட்டு, ஓலைநாயகத்தைக் கொண்டு வாசிக்கச் செய்யலாம். எழுதி முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடும் என்பது ஏற்பாடு. ஏற்பாட்டில் குற்றம் சொல்ல முடியாது. கோபம் உண்மையாகவே ஆறிவிடும். ஆனால் எழுத்தாணி ஓலையில் ஓடி முடிவதற்குள் கோபத்தோடு மற்றதெல்லாமும் சேர்ந்து ஆறிப்போகும் என்று ஏற்பாடு செய்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

தேவியார் பட்டத்துக்குரிய பிள்ளை அல்லர்; ஆகவே தந்தையார் மடியில் உட்கார்ந்து வளர்ந்தார். தமையனார் ஐந்து வயதோடு தந்தையின் குரலை இழந்தார். மாலைதோறும் அடுத்த அறைக்குப் போய், "வெண்காடி, இன்னைக்கு அப்பா என்ன பேசினார்?" என்று கேட்பதும், மூன்று வயதுத் தங்கை தன் மழலையில் தந்தையைப் போலவே தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசிக்காட்டுவதும் நாள் தவறாமல் நடந்தன. இதை அரசர் இப்போதுதான் முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னார். தேவியார்க்கு நினைவிருக்கிறதா என்று கேட்டு எழுதச் சொன்னார்.

இனி மருதியின் செய்தி. பெற்றவள் மகப்பேற்றிலேயே போய்விட்டாள் என்பதைத் தேவியார் அறிவார். ஐந்து நிறைந்த அன்று திரையை விலக்கிப் பத்தடிக்கு அப்பால் பிள்ளையை நிறுத்தியபோது அவள், "அப்பா, ஏன் அங்க நிக்கிறீங்க?" என்று கேட்டாள். அரசர் வாயைத் திறக்கவில்லை, ஓலைநாயகத்தைப் பார்த்தார். ஓலைநாயகம் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "இளவரசி மருதிக்கு அரசர் ஆசி வழங்குகிறார்" என்று வாசித்தான். பிள்ளை அவன் வாயையே பார்த்தாள். அன்றுமுதல் அவளுக்குத் தகப்பன் குரல் என்பது கூற்றன் பூதனின் கட்டைக் குரல்தான். பாவம், வேறு நல்ல குரலாவது வாய்த்திருக்கலாம்.

ஆறாம் வயதில் பால் குடிக்க மறுத்தாள். செவிலி நங்கி கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள், நாலு தோழிகளைக் கூட்டிவந்து ஆடிப்பாடிக் காட்டினாள். கிண்ணம் அப்படியே இருந்தது. செய்தி அரசர்க்குப் போயிற்று. அரசர் பதறினார், பிள்ளை இளைத்துவிடுவாளே என்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுந்து நாலு அறை தாண்டிப் போய் என்னவென்று கேட்பதற்கு வழக்கம் இடம் தராததால், ஓலை எழுதச் சொன்னார். "ஏழ்துறை நாடு உடைய ஆதவராயர் ஆணை. இளவரசி மருதி தன் முன் வைக்கப்பட்ட பாலை எஞ்சாமல் அருந்துக" என்று எழுதி, அரக்கு இட்டு, முன்னால் சங்கு ஊதிக்கொண்டு போய் வாசித்தார்கள். பிள்ளை எழுந்து நின்று கேட்டாள். இரண்டு கையாலும் கிண்ணத்தை எடுத்து மூச்சுவிடாமல் குடித்தாள். அரண்மனையே மூக்கின்மேல் விரல் வைத்தது. அரசர்க்கு உச்சி குளிர்ந்தது. இந்தப் புகழ்தான் மலை தாண்டித் தங்கள் கொழுநர் காது வரை வந்திருக்கிறது.

மறுநாளும் அவள் குடிக்கவில்லை. ஓலை வந்தது, குடித்தாள். அதற்கடுத்த நாள் குளிக்கவில்லை. ஓலை வந்தது, குளித்தாள். தலைவாரிக்கொள்ள ஓர் ஓலை, தூங்கப்போக ஓர் ஓலை, மருந்து விழுங்க ஓர் ஓலை என்று அந்த ஆண்டு முழுதும் ஓலைநாயகத்தின் கட்டைவிரல் காய்த்துப்போயிற்று. நாட்டில் எல்லைத் தகராறுகள் எழுத ஆளில்லாமல் கிடக்க, இங்கே எண்ணெய்க் குளியலுக்கு ஆணை எழுதிக்கொண்டிருந்தான். அவன் முணுமுணுக்காத நாளில்லை.

இவ்வாரம் அரசர் நங்கியை அழைத்து, அந்த நாளில் பிள்ளைக்குப் பாலில் என்ன குறை என்று கேட்டார். இருபது ஆண்டு கழித்துக் கேட்டார். நங்கி சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுமாறு கட்டளை: "பாலுல ஆடை மெதந்துச்சுங்க, அவ்வளவுதான். அந்தப் புள்ளைக்கு ஆடை பட்டாலே குமட்டும். நான் எடுத்துப்போட்டுக் குடுக்கலாம்னுதான் போனேன், அதுக்குள்ள சங்கு ஊதிட்டாங்க. அப்புறம் ஆடையை எடுத்துட்டுத்தான் குடுத்தேன், அப்பவும் குடிக்கலை. ஏன்டின்னு கேட்டா, குடிச்சிட்டா அப்பா ஓலை அனுப்ப மாட்டாரேன்னு சொல்லுச்சு. வந்த ஓலை அத்தனையும் தலகாணிக்கு அடியில வச்சிருந்துச்சு."

இதைக் கேட்டபின் அரசர் அன்று முழுதும் ஒன்றும் உண்ணவில்லை. மறுநாள் காலை, வெண்காடிக்கு எழுது என்றார். சேந்தனார் சோற்றைக் கன்னத்தில் அடக்குகிறார் என்றால், முதலில் சோற்றைப் பாருங்கள் என்கிறார். குழைந்திருக்கிறதா, காரமா, பெரிய உருண்டையா என்று பாருங்கள். சுற்றி நிற்கிற கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டுத் தாங்களும் ஓர் இலை போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து உண்ணுங்கள். அவர் வாயைப் பார்க்காதீர்கள். கொஞ்சமாக வையுங்கள். வேண்டாமென்றால் எடுத்துவிடுங்கள், பசித்தால் அவரே கேட்பார். ஒரு வேளை உண்ணாத பிள்ளை மெலிந்துவிடாது. இதையெல்லாம் அரசர் நங்கியிடம் கேட்டறிந்து சொல்கிறாரே தவிர, தாம் செய்து பார்த்ததில்லை. மருதி உண்ண அவர் அருகிருந்து பார்த்ததே இல்லை.

தரையில் புரள்வதைப் பற்றி: தூதர்கள் என்ன நினைப்பார்கள் என்று பார்க்க வேண்டாம், தூதர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். அந்த நேரத்தில் அறிவுரை ஒன்றும் ஏறாது. அடிக்கவும் வேண்டாம், கேட்டதைக் கொடுத்துவிடவும் வேண்டாம். பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அழுகை ஓய்ந்ததும் தண்ணீர் கொடுங்கள். தொட்டிலை உதைக்கிறவருக்குத் தங்கை மேல் பகையில்லை. தம் இடம் போய்விட்டதோ என்ற பயம். நாளுக்கு ஒரு நாழிகையாவது தங்கை இல்லாமல், தாதிகள் இல்லாமல், அரசாங்கம் இல்லாமல் அவரோடு மட்டும் இருங்கள். தூக்கத்துக்கு நங்கி ஒன்றே ஒன்று சொல்கிறாள்: குளிப்பு, கதை, விளக்கைத் தணிப்பது, இந்த மூன்றும் எந்நாளும் அதே வரிசையில் நடக்கட்டும்.

பொய்யைப் பற்றி: மருதி எட்டு வயதில் அவருடைய மயில்விளக்கை உடைத்துவிட்டு, அணில் தள்ளிவிட்டது என்றாள். இவர் விசாரணை ஓலை விடுத்தார். காவலர் சாட்சி, தோழியர் சாட்சி, அணில் ஏறும் மரம் எவ்வளவு தொலைவு என்ற அளவு, எல்லாம் ஏழு ஓலை நீளத்துக்கு எழுதியவன் இந்தப் பூதன்தான். முடிவில் பொய் மெய்ப்பிக்கப்பட்டது. அதன்பின் மருதி பொய் சொல்லவே இல்லை; தன்னைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. ஆகவே தேவியார், பிள்ளைதான் உடைத்தார் என்று தெரிந்திருக்கும்போது, யார் உடைத்தது என்று கேட்டு அவரைப் பொய்க்குத் தள்ள வேண்டாம். "விளக்கு உடைஞ்சுபோச்சு, வா, ரெண்டு பேரும் பொறுக்கலாம்" என்று சொல்லுங்கள். இந்தச் சொற்களை அரசர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இந்த இடத்தில் ஓலைநாயகம் தன் பிழையைச் சொல்ல வேண்டும். ஏழாம் வயதில் எழுதப் பழகியதும் மருதி தன் கைப்பட ஓர் ஓலை எழுதி, யாரிடமும் கொடுக்காமல் தானே எழுத்து மண்டபத்துக்கு ஓடிவந்து கொடுத்தாள். "அப்பா எனக்குப் பல் விழுந்துருச்சு. பாக்க வாங்க" என்று கோணலும் மாணலுமாக எழுதியிருந்தது. பூதன் அதைப் படித்துவிட்டு, வணக்கவுரை இல்லை, பட்டங்கள் இல்லை, இப்படிப்பட்ட ஓலை அரசர் திருமுன் போகலாகாது என்று திருப்பித் தந்தான். தான் நன்மை செய்வதாகவே நினைத்தான். இளவரசிக்கு முறை தெரிய வேண்டாமா? பக்கத்தில் உட்காரவைத்து முறையும் கற்றுக்கொடுத்தான். கெட்டிக்காரப் பிள்ளை, ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். மறுநாள் வந்த ஓலையில் அரசர் பட்டங்கள் யாவும் பிழையின்றி இருந்தன. அவற்றின் கீழே, "கீழ்வரிசைப் பல் ஒன்று விழுந்தமை திருமுன் விண்ணப்பம்" என்று இருந்தது. பார்க்க வாருங்கள் என்பது இல்லை. அரசர் அதைக் கண்டு பெருமைப்பட்டு அவையில் வாசிக்கச் செய்தார். முதல் ஓலையை அவள் எழுத்து மண்டபத் தரையில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். பூதன் அதை எடுத்து வைத்திருந்தான். ஏன் வைத்தான் என்று அவனுக்கே தெரியாது. நேற்று முன்தினம் அதை அரசர் கையில் கொடுத்து, நடந்ததைச் சொன்னான். அரசர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஓலை இப்போது அவர் தலைமாட்டில் இருக்கிறது.

இனி, மருதியின் அடக்கத்தைத் தங்கள் கொழுநர் கண்ணால் காணட்டும் என்பதற்காக அவள் அண்மையில் எழுதிய மறுமொழி ஒன்றை இத்துடன் கட்டி அனுப்புகிறோம். அவள் ஆறு ஆண்டாக உப்பங்கரைக் கோட்டையை ஆள்கிறாள். அவள் ஆட்சியில் ஒரு குறை சொல்ல யாராலும் இயலாது. அரசர்க்கு நெஞ்சில் நீர் கோத்துக் கால் வீங்கிப் படுத்தபோது, ஆணை ஒன்றும் இல்லாமல் முதன்முறையாக ஓர் ஓலை சொன்னார்: "உடம்பு நன்றாக இல்லை. உன் நினைவாகவே இருக்கிறது." பூதன் அதை அப்படியே எழுதினான், பட்டங்களைக்கூட விட்டுவிட்டான். எட்டாம் நாள் மறுமொழி வந்தது. "திருமுகம் கண்டு தலைமேற் கொண்டோம். ஆணை இன்னதென்று அதில் காணவில்லை. எழுதுகையில் விடுபட்டதாயின் தெரிவித்தருள்க, உடனே நிறைவேற்றுவோம்."

இது குத்திக்காட்டி எழுதியதன்று, தேவியீர். மருதியை அறிந்த பூதன் சொல்கிறேன், அவளுக்குக் குத்திக்காட்டத் தெரியாது. தகப்பன் ஓலையில் ஆணையைத் தேடியிருக்கிறாள், காணவில்லை, கேட்டிருக்கிறாள். மேலும் இரண்டு முறை அப்படியே எழுதிப் பார்த்தோம். இரண்டு முறையும் அதே மறுமொழி.

வா என்று ஆணையிட்டால் வந்துவிடுவாள் என்பது அரசர்க்குத் தெரியும். ஆணைக்காக வருவாள் என்பதும் தெரியும். அதனால்தான் இரண்டு மாதம் ஆணையிடாமல் பொறுத்துக் கிடந்தார். தானாக வரமாட்டாளா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வளர்பிறை ஏழாம் நாள் அரண்மனை மருத்துவர், பூரணை தாண்டுவது அரிது என்று சொல்லிவிட்டார். அரசரை மருத்துவர் கைவிட்ட நாளில் வாய்ப்பேச்சு விலக்கு நீங்கும் என்பதும் வழக்கத்தில் உள்ளதே. ஆகவே அன்றே, "மருதி உடனே புறப்பட்டு வருக" என்று முத்திரையிட்டு விடுத்தோம். அவள் கோட்டை நான்கு நாள் தொலைவு. பூரணையன்று அவள் இங்கே நிற்பாள். ஒரு நாழிகைகூடப் பிந்த மாட்டாள். "ஆணைப்படி வந்தோம்" என்பாள்.

அப்போது தாம் என்ன சொல்ல வேண்டும் என்பதை எழுதித் தருமாறு அரசர் பூதனைக் கேட்டார். அரசர்க்கு வரவேற்புரை, வாழ்த்துரை, போர் அறிவிப்பு, சமாதானப் பேச்சு என்று நாற்பத்தோராண்டு எழுதிக் கொடுத்தவன் அவன். இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தான். நான்கு ஏடு வீணாயிற்று. எது எழுதினாலும் ஆணையாகவே வந்து நின்றது. தனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டான். அரசர், "வெண்காடியைக் கேள். அவளுக்குத் தெரியும்" என்றார்.

எனவே தேவியார்க்கு அரசர் இடும் ஆணை இரண்டு. முதலாவது: தைத் திங்களில் வாகைமலையில் அந்த வழக்கம் தொடங்கலாகாது. சேந்தனாரிடம் சொல்ல வேண்டியது எதுவாயினும், கோபமே ஆயினும், தாயும் தந்தையும் தம் வாயால் சொல்லுக. தவறாகச் சொல்லிவிட்டால், தவறாகச் சொல்லிவிட்டேன் என்று மறுபடியும் வாயால் சொல்லுக. இரண்டாவது: காலையில் சேந்தனார் கண் விழித்ததும் தாங்கள் அவரிடம் முதலில் என்ன பேசுகிறீர்கள், அவர் என்ன சொல்கிறார், அதற்குத் தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதை, பட்டமும் வணக்கமும் இன்றி, பேசுகிறபடியே ஓலையில் எழுதி, இதைக் கொண்டுவரும் ஆளிடமே காலம் தாழ்த்தாமல் கொடுத்தனுப்புக.

வளர்பிறை ஒன்பதாம் நாள், கடம்பங்கோட்டைப் படுக்கையறையில், ஆதவராயர் சொல்லக் கேட்டு எழுதி, ஓலைநாயகம் அவர் கைபிடித்து இட்ட முத்திரை. துறை ஏழும் சான்று.

முத்திரைக்குக் கீழ் உள்ள இவ்வரிகள் அரசர் கேளாதவை. எழுதி முடித்து முழுதும் வாசித்துக் காட்டியபின், மறுமொழி எப்போது வரும் என்று அவர் கேட்டார். வாகைமலை ஒன்பது நாள் வழி. போக ஒன்பது, வர ஒன்பது. பூரணைக்கு இன்னும் ஆறு நாள். பூதன் கணக்கைச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அரசரே, "அடுத்த அறைதானே, இப்பவே வந்துருவா" என்று சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆமாம் என்றான் பூதன். தேவியார் எழுதுவது வந்து சேரும்போது கேட்க அரசர் இருக்கப்போவதில்லை. ஆயினும் எழுதி அனுப்புக. மருதி இங்கேதான் இருப்பாள்.